பள்ளிக்கூடத்துத் தெற்கு வாசல்

பள்ளிக்கூடத்துக்குச் சுற்றுச்சுவர் கட்டித் தருகிறோம் என்று அவர்கள் வந்த அன்று எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்தது நான்தான். டீயோடு பிஸ்கட்டும் கொடுத்தேன். இப்போது நினைத்தாலும் வயிறு எரிகிறது.

எனக்குப் பிள்ளையார்பாளையம். பாலாற்றங்கரையில், திருமுக்கூடல் போகிற வழியில் இருக்கும் ஒரு கிராமத்தின் தொடக்கப் பள்ளிக்குத் தலைமையாசிரியையாகப் போனேன். தலைமையாசிரியை என்றதும் பெரிதாக ஒன்றும் நினைத்துக்கொள்ள வேண்டாம். நானும் இன்னொரு டீச்சரும்தான் மொத்தப் பள்ளியே. அவரும் மாற்றல் வாங்கிக்கொண்டு கிளம்பிய பிறகு தலைமையும் நான்தான், ஆசிரியையும் நான்தான், மணி அடிப்பதும் நான்தான். கிராமத்தில் எனக்கு 'பட்டு டீச்சர்' என்று பெயர். பிள்ளையார்பாளையத்திலிருந்து வருகிறவள் வீட்டில் பட்டுப்புடவை குவிந்து கிடக்கும் என்று அவர்கள் நினைப்பு. எங்கள் வீட்டில் தறி ஓடியது உண்மைதான். நெய்ததெல்லாம் அடுத்த வீட்டுக் கல்யாணங்களுக்குப் போயிற்று. நான் அந்தப் பள்ளிக்குப் போன வருஷங்கள் பூராவும் துவைத்தால் உடனே காய்கிற சிந்தெடிக் புடவையில்தான் போனேன்.

அந்தப் பள்ளி எப்படி வந்தது என்று கேட்டால் இரண்டு விதமாகச் சொல்வார்கள். ஊருக்குள் கேட்டால், அந்தக் காலத்து மிராசுதார் ஒருவர் தன் நெல்வயலில் ஒரு துண்டை விட்டுக் கொடுத்தார், அதிலிருந்துதான் பள்ளி என்பார்கள். காலனியில் கேட்டால், அதற்கு வெகுகாலம் முன்பே அக்கரையிலிருந்து ஒரு உபதேசியார் வந்து பனையோலைக் கொட்டகை போட்டு, பண்ணை வேலைக்குப் போன பிள்ளைகளை உச்சி வேளையில் உட்கார வைத்து எழுத்து சொல்லிக் கொடுத்தார், அதுதான் பள்ளி என்பார்கள். கொட்டகை ஒரு முறை எரிந்துபோயிற்றாம். அடுப்பு நெருப்பு பறந்து வந்து எரிந்தது என்று ஊரில் சொன்னார்கள். காலனியில் அதைக் கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார்கள். பிறகு ஊர்க் கோயில் மண்டபத்திலும் ஒரு பள்ளி நடந்தது. இரண்டும் அரைகுறையாக ஓடிக்கொண்டிருந்தபோது சர்க்கார் வந்து இரண்டையும் ஒன்றாக்கி, ஊருக்கும் காலனிக்கும் நடுவில் கிடந்த அந்த வயல் துண்டில் ஓட்டுக் கட்டடம் கட்டியது. இரண்டு கதையும் அங்கேதான் வந்து சேர்கிறது.

கட்டடத்துக்கு வடக்கே ஊர்த்தெருவைப் பார்த்து ஒரு வாசல், தெற்கே காலனியைப் பார்த்து ஒரு வாசல். பெரிய மனசு பண்ணி வைத்த வாசல்கள் இல்லை அவை. காலனிப் பிள்ளைகள் ஊர்த்தெருவில் நடந்து வரக்கூடாது என்பதற்காக வைத்தவை. ஆனாலும் வெவ்வேறு வாசலில் நுழைந்த பிள்ளைகள் ஒரே அறையில்தான் உட்கார்ந்தார்கள். முதலில் தனித்தனிப் பாய், தனித்தனிப் பானை. ஒரு தலைமையாசிரியர் பானையை ஒன்றாக்கினார். பின்னால் வந்த இன்னொருவர் பாயை எடுத்துவிட்டு பெஞ்சு போட்டார். ஒவ்வொரு தடவையும் ஊரில் முணுமுணுப்பு கிளம்பி, கொஞ்ச நாளில் அடங்கியது. ஒரு தெருச்சண்டை கூட இல்லாமல் இவ்வளவு காரியத்தை அந்தப் பழைய வாத்தியார்கள் எப்படிச் சாதித்தார்கள் என்று நான் பல தடவை யோசித்திருக்கிறேன்.

மணி அடிக்கும் முறையையும் அவர்களில் ஒருவர்தான் ஏற்படுத்தியிருக்க வேண்டும். கைமணி. ஒரு நாள் வடக்கு வாசலில் முதலில் அடித்துவிட்டுத் தெற்கே போக வேண்டும். மறுநாள் தெற்கில் முதலில், அப்புறம் வடக்கு. எங்களை இரண்டாவதாகக் கூப்பிட்டார்கள் என்று யாரும் சொல்லக்கூடாது, அவ்வளவுதான். நான் போய்ச் சேர்ந்தபோது ஊர்ப் பிள்ளைகளில் பாதிப்பேர் காஞ்சிபுரத்து இங்கிலீஷ் மீடியத்துக்கு மஞ்சள் வேனில் போகத் தொடங்கியிருந்தார்கள். சில வருஷத்தில் மீதிப்பேரும் போய்விட்டார்கள். அதற்கப்புறமும் நான் முறையை விடவில்லை. வேன் புறப்பட்டுப் போன காலித் தெருவைப் பார்த்து மணியை ஆட்டிக்கொண்டு நிற்பேன். எதிர்வீட்டுக்காரர் பல் துலக்கிக்கொண்டே, "யார டீச்சர் கூப்புட்றீங்க, எங்க வூட்டு ஆட்டையா?" என்று கேட்பார். "அனுப்புங்க, அதுக்கும் யூனிஃபார்ம் தரேன்" என்பேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்தான்.

ஆக, என் காலத்தில் பள்ளிக்கு வந்ததெல்லாம் தெற்கு வாசல் பிள்ளைகள். காலனிக்கும் பள்ளிக்கும் நடுவில் ஒரு கால்வாய், அதன் மேல் ஒரு கல்பலகை. பலகையைத் தாண்டினால் வாசல். இரண்டு பக்கமும் ஊர்க்காரர்களின் நெல்வயல். காலனியின் முதல் வீட்டிலிருந்து பார்த்தால் வகுப்பறைக் கரும்பலகையே தெரியும்.

அந்த முதல் வீட்டில் ஒரு பெண் இருந்தாள். ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை. கணவன் வேறொரு குடும்பத்தைச் சேர்த்துக்கொண்டு போய்விட்டான். ஒரே மகள். விடியும் முன்பே கம்பெனி பஸ் ரோட்டு முனைக்கு வந்துவிடும். மகளை எழுப்பி, தலை வாரி, யூனிஃபார்ம் போட்டு உட்கார வைத்துவிட்டு அவள் ஓடுவாள். வெளிச்சம் வந்ததும் அந்தக் குழந்தை தானாகக் கதவைச் சாத்திக்கொண்டு, பலகையைத் தாண்டிப் பள்ளிக்கு வந்துவிடும். காலைச் சாப்பாடு பள்ளியில், மத்தியானச் சாப்பாடு பள்ளியில். சமையல்காரம்மா வந்து அடுப்பு பற்ற வைக்கும்போதே இவள் படிக்கட்டில் உட்கார்ந்திருப்பாள். பக்கத்து வீட்டுப் பெண்மணி பாத்திரம் தேய்த்துக்கொண்டே, குழந்தை உள்ளே நுழைந்துவிட்டதா என்று ஒரு பார்வை பார்த்துக்கொள்வார். அந்தத் தாய் வேலைக்குப் போக முடிந்ததே இந்த ஏற்பாட்டால்தான். "உங்க ஸ்கூலு இல்லன்னா எனக்கு இந்த வேலையே இல்ல டீச்சர்" என்று அவளே என்னிடம் சொல்லியிருக்கிறாள். உங்க ஸ்கூலு என்று சொல்லாதே, நம்ப ஸ்கூலு என்று சொல்லு என்று திருத்தினேன்.

குழந்தைக்கு அப்போது எட்டு வயது, மூன்றாம் வகுப்பு. பாப்பா என்றுதான் கூப்பிடுவேன். பேச்சு குறைவு, கணக்கு நன்றாக வரும், உப்புமாவில் இருக்கும் கடுகைப் பொறுக்கிப் பொறுக்கித் தட்டோரம் வைக்கும்.

இனி சுவருக்கு வருகிறேன். சுவர் வேண்டும் என்று பல வருஷமாகக் கேட்டவள் நான். பள்ளியைச் சுற்றிக் கம்பி வேலிதான் இருந்தது, அதிலும் பாதி கம்பி யார் வீட்டுக் கொடிக்கோ போய்விட்டது. சாயந்தரமானால் வராந்தாவில் குடிக்க உட்கார்ந்துவிடுவார்கள். திங்கட்கிழமை காலையில் என் முதல் வேலை பாட்டில் பொறுக்குவது. கண்ணாடிச் சில்லு ஒரு பிள்ளையின் காலில் ஏறி, நானே தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியிருக்கிறேன். அதனால்தான் பள்ளியின் முன்னாள் மாணவர்கள் சிலர் காரில் வந்து இறங்கி, சுவர் கட்டித் தருகிறோம் என்றதும் எனக்குத் தலைகால் புரியவில்லை.

அவர்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு. எல்லாரும் ஊருக்குள்ளிருந்து படித்துப் போனவர்கள். பெங்களூரில் ஒருவர், துபாயில் ஒருவர், மீதிப்பேர் சென்னை. தலைவர் மாதிரி முன்னால் நின்றவர் சென்னையில் கட்டட கான்ட்ராக்டர். அவரைக் கெட்டவர் என்று சொல்லிவிட்டால் எனக்கு வேலை சுலபமாக முடிந்துவிடும். ஆனால் அவர் வகுப்பறைக்குள் நுழையும்போது செருப்பைக் கழற்றிவிட்டு, நிலைப்படியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். மூன்றாவது பெஞ்சில் போய் உட்கார்ந்தார். உடம்பு கொள்ளவில்லை. எழுந்திருக்கும்போது நிஜமாகவே கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நம்ப ஸ்கூலுக்கு நாம செய்யாம வேற யாரு மேடம் செய்வா?" என்றார். அவர் பிள்ளைகள் எங்கே படிக்கிறார்கள் என்று நான் கேட்கவில்லை. டீ கொடுத்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த வாரம் அவரோடு ஒரு வாஸ்து ஆள் வந்தார். கழுத்தில் உருத்திராட்சம், கையில் திசை காட்டும் கருவி. பள்ளியை ஒரு சுற்று சுற்றிவிட்டுத் தெற்கு வாசலில் நின்று தலையை ஆட்டினார். தெற்கு எமன் திசை, அதிலும் வாசல் கன்னி மூலையை ஒட்டி இருக்கிறது, பள்ளியின் செல்வம் இப்படித்தான் வெளியே போகிறது என்றார். பள்ளியின் செல்வம் என்றால் பிள்ளைகள். ஊர்ப் பிள்ளைகள் ஒவ்வொருவராக நின்று போனதற்குக் காரணம் கிடைத்துவிட்டதில் கான்ட்ராக்டருக்கு முகம் மலர்ந்தது. அவர் வீட்டில் கன்னி மூலையில் இருந்த கழிப்பறையை இடித்த பிறகுதான் தொழில் நிமிர்ந்ததாம்.

"ஊர்ப் பிள்ளைங்க வடக்கு வாசல் வழியாத்தானே சார் போனாங்க? தெற்கு வாசல் பிள்ளைங்கதான் நின்னு படிக்கறாங்க" என்றேன்.

"அது சாஸ்திரம் மேடம். நாம லாஜிக் பேசக்கூடாது."

"இந்த வாசலை அடைச்சா காலனிப் பிள்ளைங்க எப்படி சார் வருவாங்க?"

"ரோடு இருக்குதே மேடம். சுத்தி வரட்டும். இன்னா பெரிய தூரம்?"

தூரம் பெரியதில்லைதான். ஆனால் அந்த ரோடு ஜல்லி லாரி ஓடுகிற ரோடு. குவாரியிலிருந்து நிறைத்துக்கொண்டு வருகிற லாரிகள் ஒன்றை ஒன்று முந்திக்கொண்டு வரும். அதன் ஓரத்திலேயே நடந்து, பஸ் நிறுத்தம் தாண்டி, ஊர்த்தெருவில் திரும்பி, அம்மன் கோயில் வழியாக வடக்கு வாசலுக்கு வரவேண்டும். லாரி ஒரு பயம் என்றால் ஊர்த்தெரு இன்னொரு பயம். சட்டப்படி யாரும் எங்கேயும் நடக்கலாம் என்பது எனக்கும் தெரியும். அந்தத் தெருவில் உட்கார்ந்திருப்பவர்கள் காலனிப் பிள்ளைகளைப் பார்க்கும் பார்வையும் எனக்குத் தெரியும்.

நான் சண்டை போட்டேன். ஒன்றிய அலுவலகத்துக்குப் போய்ச் சொன்னேன். நன்கொடையாக வருகிற சுவர், நிறுத்தினால் வேறு பெயர் வரும், பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள் டீச்சர் என்றார் அதிகாரி. கான்ட்ராக்டரிடம், ஒரு ஆள் நுழைகிற சின்ன கேட்டாவது விடுங்கள் என்று கெஞ்சினேன். "ஒரு வருஷம் போவட்டும் மேடம். நம்ப தெருவுலருந்து பத்து பிள்ளைங்கள நானே கொண்டாந்து சேக்கறேன். அப்புறம் பாருங்க, இடம் பத்தாது உங்களுக்கு" என்றார். அதைச் சொன்னபோது அவர் பொய் சொல்லவில்லை. முழுக்க நம்பினார். அதுதான் எனக்கு இன்னும் தாங்கவில்லை.

கோடை விடுமுறையில் பூமி பூஜை போட்டு வேலை மளமளவென்று முடிந்தது. நான் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு வந்து பார்த்தபோது தெற்கு வாசல் இருந்த இடத்தில் சுவர் நின்றது. ஆள் உயரத்துக்கு மேலே, நல்ல தரமான வேலை. உள்பக்கம் மலையும் சூரியனும் மயிலும் வரைந்திருந்தார்கள். வெளிப்பக்கம், காலனியைப் பார்த்த பக்கம், பூச்சு கூட இல்லை. வெறும் ஹாலோ பிளாக். கால்வாய்ப் பலகையில் காலை வைத்தால் மூக்கில் சுவர் இடிக்கும்.

பள்ளி திறந்த அன்று விழா. மேளம், ரிப்பன், சர்க்கரைப் பொங்கல். ஊர்த் தாய்மார்கள் பிள்ளைகளைப் புதுச் சட்டை போட்டுக் கூட்டி வந்து மயில் பக்கத்தில் நிறுத்தி போட்டோ எடுத்தார்கள். துபாய்க்காரர் வீடியோவில் பார்த்துக் கைதட்டினார். மறுநாள் காலை நான் வடக்கு வாசலில் மணி அடித்தேன். அதே பிள்ளைகள் அதே மஞ்சள் வேனில் ஏறி எனக்கு டாட்டா காட்டிவிட்டுப் போனார்கள். ஒரு பிள்ளை கூடச் சேரவில்லை. கான்ட்ராக்டருக்கு போன் செய்தேன். "இந்த வருஷம் ஃபீஸ் கட்டிட்டாங்களாம் மேடம், அடுத்த வருஷம் கன்ஃபார்ம்" என்றார்.

காலனியில் கொதித்தார்கள். கூட்டம் போட்டார்கள். என்னையும் கூப்பிட்டார்கள். ஒரு பெரியவர் எழுந்து, "எமன் வர்ற வழின்னு சொல்லி அடைச்சிருக்காங்க. அப்ப அந்தப் பக்கம் இருக்குற நாங்க யாரு டீச்சர்? எமனா?" என்று கேட்டார். தெற்கு வாசலைத் திறக்கிற வரைக்கும் பிள்ளைகளை அனுப்புவதில்லை என்று முடிவு செய்தார்கள். அவர்கள் முடிவு தப்பு என்று நான் சொல்லமாட்டேன். நான் அவர்கள் இடத்தில் இருந்தால் முதல் ஆளாகக் கையைத் தூக்கியிருப்பேன். பைக் இருந்தவர்கள் பிள்ளைகளை ரோட்டைத் தாண்டிப் பெரிய கிராமத்துப் பள்ளியில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள்.

மறுவாரம் ஒரு பிள்ளை மட்டும் வந்தது. பாப்பா. அவள் அம்மாவுக்கு வேறு வழியில்லை. பெரிய கிராமத்துப் பள்ளிக்குக் கொண்டுவிடவும் கூட்டிவரவும் ஆளில்லை. கம்பெனியில் ஷிஃப்ட் மாற்றித் தரமாட்டார்கள். கட்டுப்பாட்டை மீறினவள் என்று காலனியில் அவளோடு பேச்சை நிறுத்தினார்கள். பக்கத்து வீட்டுப் பெண்மணி மட்டும் யாருக்கும் தெரியாமல் குழந்தையை ரோட்டு முனைவரை கொண்டுவந்து, என் பஸ் வரும்வரை புளியமரத்து மறைவில் நின்று, என்னிடம் ஒப்படைத்துவிட்டுப் போவார். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு லாரி ஓரமாக நடந்து, ஊர்த்தெருவில் திரும்பி, அம்மன் கோயிலைத் தாண்டிப் போவேன். தெருவில் உட்கார்ந்திருப்பவர்கள் எனக்கு வணக்கம் சொல்வார்கள். குழந்தை என் புடவைப் பக்கம் ஒதுங்கிக்கொள்ளும்.

ஒரு பிள்ளையோடு பள்ளி நடத்துவது எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ளும் நிலைமை யாருக்கும் வரவேண்டாம். காலை வழிபாட்டுக்கு அவள் ஒருத்தி வரிசையில் நிற்பாள். எதிரே நான் நிற்பேன். வருகைப் பதிவு எடுக்கும்போது பழக்கத்தில் எல்லாப் பெயரையும் கூப்பிட்டுவிடுவேன், ஒவ்வொரு பெயருக்கும் அவள், "வரல டீச்சர்" என்பாள். தன் பெயர் வந்ததும் எழுந்து நின்று, "உள்ளேன் டீச்சர்" என்பாள். கபடி விளையாட முடியாது, ஓடிப்பிடிக்க முடியாது. சமையல்காரம்மாவும் நானும் அவளும் தாயக்கட்டை ஆடுவோம். அந்தம்மா வேண்டுமென்றே தோற்பார். பாப்பா அதைக் கண்டுபிடித்து, "ஏமாத்தாதீங்க" என்று கோபித்துக்கொள்வாள். சுத்தமான வராந்தா, ஒரு பாட்டில் கூட இல்லை. சுவர் நன்றாகத்தான் வேலை செய்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் அம்மா பஸ் ஏறி என் வீட்டுக்கு வந்தாள். கண் கீழெல்லாம் கறுத்திருந்தது. வாரம் பூராவும் நின்றுகொண்டே வேலை, ஞாயிறு ஒரு நாள்தான் அவளுக்குத் தூக்கம். அதையும் விட்டுவிட்டு வந்திருந்தாள்.

"கேட்ட தொறந்துடுவாங்களா டீச்சர்? தெளிவா சொல்லுங்க. தொறப்பாங்கன்னா எத்தினி நாளானாலும் பொறுத்துக்குவேன்."

"பக்கத்து வூட்டம்மா இன்னா சொல்றாங்க?"

"அவங்க வூட்டுக்காரருக்குத் தெரிஞ்சிப் போச்சு. இனிமே கொண்டாந்து உட மாட்டேன்னுட்டாங்க. பாப்பா தனியா வரேங்குது. அந்த ரோட்டுல எப்படி டீச்சர் உடுவேன்? வேலையில நின்னுக்கினு இருக்கும்போது லாரி ஹாரன் சத்தமே காதுல கேட்டுக்கினு இருக்குது."

ஆடி மாதம், அம்மனுக்குக் கூழ் வார்க்கிற நேரம். கான்ட்ராக்டர் ஊருக்கு வந்திருந்தார். வீடு தேடிப் போனேன். உட்காரச் சொல்லி மோர் கொடுத்தார்கள். ஒரே ஒரு குழந்தை சார், ஒரு தாயின் பிழைப்பு சார் என்று எல்லாவற்றையும் சொன்னேன். அவர் முகம் வாடிவிட்டது.

"எனக்கு மனசில்லன்னு நெனைக்காதீங்க மேடம். பூஜை போட்டுக் கட்டின செவுரு. கட்டினவனே இடிச்சா குடும்பத்துக்கு ஆவாது. என் பையன் நீட் எழுதறான் இந்த வருஷம்."

"வேற ஆளை வச்சு இடிச்சுக்கறோம் சார். நீங்க சரின்னு ஒரு வார்த்தை சொன்னா போதும்."

வாசல் பக்கம் ஒரு தடவை பார்த்துக்கொண்டார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "இப்ப இடிச்சா அவங்க ஜெயிச்ச மாதிரி ஆயிடும் மேடம். தெருவுல நான் தல காட்ட முடியாது" என்றார்.

வாஸ்து, கன்னி மூலை, எமன் எல்லாம் போய், கடைசியில் விஷயம் வெளியே வந்தது. மோரைக் குடிக்காமல் வைத்துவிட்டு எழுந்தேன். "உங்க தெருவுக்குத் தலை காட்டறதுக்காக ஒரு பள்ளிக்கூடத்தைக் கொல்றீங்க" என்று சொல்லிவிட்டுத்தான் வந்தேன். சொன்னதால் எனக்குக் கொஞ்சம் ஆறியது. பாப்பாவுக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை.

அதன்பிறகு கொஞ்ச நாள் நானே விடிகாலை முதல் பஸ் பிடித்துப் போய், காலனி முதல் வீட்டுக் கதவைத் தட்டிக் குழந்தையைக் கூட்டி வந்தேன். சாயந்தரம் கொண்டுவிட்டு, அவள் அம்மா வரும்வரை அந்த வீட்டிலேயே உட்கார்ந்திருந்துவிட்டுக் கிளம்புவேன். ஒரு பிள்ளைக்காக இவ்வளவா என்று என் வீட்டில் கேட்டார்கள். ஒரு பிள்ளைக்காக இல்லை, பள்ளிக்காக என்று சொன்னேன். பிள்ளை நின்றால் பள்ளி நிற்கும், பள்ளி நின்றால் அந்தத் தாய் வேலையை விட்டு நிற்பாள் என்று ஒரு கணக்கு வைத்திருந்தேன். வருஷக் கடைசியில் ஆய்வுக்கு வந்த அதிகாரி மயிலையும் சூரியனையும் பாராட்டினார். உள்ளே வந்து ஒரே ஒரு தலையைப் பார்த்தார். புதுச் சேர்க்கை இல்லாத பள்ளி என்று எழுதிக்கொண்டார்.

கோடையில் ஆணை வந்தது. பள்ளியை ரோட்டுக்கு அந்தப் பக்கத்துப் பள்ளியோடு சேர்த்துவிட்டார்கள். ஓலைக் கொட்டகை, கோயில் மண்டபம், ஒற்றைப் பானை, பெஞ்சு எல்லாவற்றையும் தாண்டி வந்த பள்ளி ஒரு தாளில் முடிந்தது. ஆணை வந்ததை வாட்ஸ்அப் குழுவில் யாரோ போட்டிருக்கிறார்கள். நாற்பது ஐம்பது பேர் அழுகிற முகத்தை அனுப்பினார்களாம். கரும்பலகையையும் பெஞ்சுகளையும் வேனில் ஏற்றுவதைப் பார்க்க ஊரிலிருந்தும் காலனியிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். அவரவர் பக்கத்தில் நின்று பார்த்தார்கள். காலனிக்காரர்கள் சுவருக்கு வெளியே நின்றதால் அவர்களுக்கு வேனின் கூரை மட்டும்தான் தெரிந்தது.

எனக்குக் காஞ்சிபுரத்துக்குள்ளேயே மாற்றல். வீட்டிலிருந்து நடந்து போகிற தூரம். தெருவில் எல்லாரும், "அதிர்ஷ்டம்மா உனக்கு, பஸ்ஸே ஏற வாணாம்" என்றார்கள். யாரையும் அடிக்கக் கூடாது என்பதற்காகச் சிரித்துவிட்டு வந்தேன்.

பாப்பா நான்காம் வகுப்புக்கு வந்திருந்தாள். அந்த வகுப்பிலிருந்து அரசு விடுதியில் சேர்த்துக்கொள்வார்கள் என்று அவள் அம்மாவுக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். காஞ்சிபுரத்தில் ஒரு விடுதியில் சேர்த்துவிட்டாள். எனக்குச் சொல்லவில்லை. சொன்னால் நான் தடுப்பேன் என்று பயந்திருப்பாள், அல்லது தடுக்கமாட்டேன் என்று. பள்ளிக்கூடத்துக் கரும்பலகை தெரிகிற வீட்டில் பிறந்த பிள்ளை, மூன்று வேளையும் தட்டைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நிற்கப் போய்விட்டது.

எனக்குத் தகவல் தெரியவே சில மாதம் ஆயிற்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை கமலாப்பழம் வாங்கிக்கொண்டு போனேன். விடுதி வெறிச்சென்று இருந்தது. சனி, ஞாயிறு பிள்ளைகள் வீட்டுக்குப் போய்விடுவார்கள் என்றார் காவலாளி. பாப்பா மட்டும் மாடிப்படியில் உட்கார்ந்து தன் யூனிஃபார்முக்குப் பட்டன் தைத்துக்கொண்டிருந்தாள். உயரமாகியிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றாள்.

"நீ ஊருக்குப் போவல? அம்மா வரலியா?"

"கூட்டிக்கினு போறேன்னுதான் சொல்லிச்சு டீச்சர். நான்தான் வாணாம்னுட்டேன்."

"ஏன் கண்ணு? அம்மா மேல கோவமா?"

இல்லை என்று தலையாட்டினாள். பழத்தை உரித்து, நாரை ஒவ்வொன்றாக எடுத்துப் படியோரம் வைத்தாள்.

"ஞாயித்துக்கெழமதான் டீச்சர் அது தூங்கும். நான் போனா எண்ணெ வச்சுத் தல வாரி உடும், கறி வாங்கியாந்து ஆக்கும், சாய்ந்தரம் திரும்பக் கொண்டாந்து உட வரும். தூங்கவே தூங்காது."

அவள் ஒரு சுளையை என்னிடம் நீட்டினாள்.

"நீங்க வந்தத அம்மாகிட்ட சொல்லாதீங்க டீச்சர். எல்லாப் பிள்ளைங்களும் ஞாயித்துக்கெழம இங்கதான் இருப்பாங்கன்னு சொல்லி வச்சிருக்கேன்."